கோப்புகள் வட்டில் எப்படி வைக்கப்படுகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் அன்றாடம் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு கோப்பின் பெயர், அதைப் பற்றிய பதிவேடு, அதன் உள்ளடக்கம் ஆகிய மூன்றும் வட்டில் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், விந்தையாகத் தோன்றும் பல நடத்தைகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

கோப்பு எங்கே இருக்கிறது என்பது ஹார்ட் டிஸ்குக்குத் தெரியுமா?

தெரியாது. வட்டைப் பொறுத்தவரை கோப்பு என்ற ஒன்றே கிடையாது. அது அறிந்ததெல்லாம் செக்டர் எனப்படும், வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு துண்டுகளை மட்டுமே. ஒரு செக்டருக்கு 512 பைட் என்பது நெடுங்கால வழக்கம். 2010-ஐ ஒட்டி வந்த வட்டுகள் உள்ளுக்குள் 4096 பைட் செக்டர்களுக்கு மாறிவிட்டன என்றாலும், பழைய மென்பொருள்களை உத்தேசித்து வெளியே 512 என்றே சொல்லிக்கொள்பவை இன்றும் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு டெராபைட் வட்டைச் செருகி அதன் செக்டர் எண்ணிக்கையைப் பார்த்தால், எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் பெரும்பாலும் 1,95,35,25,168 என்றே வரும். இந்த எண்களில் ஒன்றைச் சொல்லி "அதில் இருப்பதைக் கொடு" என்றோ "அதில் இதை எழுது" என்றோ கேட்டால் வட்டு செய்யும். "போன வருட ரசீதைக் கொடு" என்றால் அதற்குப் புரியாது. பெயரைக் கேட்டு எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் இயங்குதளத்துக்கு உரியது. அந்த வேலைக்காக அது வட்டிலேயே எழுதிவைத்துப் பராமரிக்கும் கணக்குகளின் ஏற்பாட்டைத்தான் கோப்பு முறைமை என்கிறோம்.

அப்படியானால் ஒரு கோப்பைத் திறக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 முறைமையை எடுத்துக்கொள்வோம். "ஆவணங்கள்" என்ற கோப்புறைக்குள் "2024" என்ற கோப்புறை, அதற்குள் "ரசீது" என்ற கோப்பு இருப்பதாகக் கொள்வோம். எக்ஸ்ட்4-இல் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஐநோடு எனப்படும் ஒரு பதிவு உண்டு; அதன் வழக்கமான அளவு 256 பைட். மூலக் கோப்புறையின் ஐநோடு எண் எப்போதும் 2. இயங்குதளம் அங்கிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் எண் ஐநோடைப் படித்தால் மூலக் கோப்புறையின் உள்ளடக்கம் எந்தப் பிளாக்கில் (சில செக்டர்கள் சேர்ந்த தொகுதியில்) இருக்கிறது என்று தெரியும். கோப்புறையின் உள்ளடக்கம் என்பது பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல்தான். அதில் "ஆவணங்கள்" என்ற பெயருக்கு எதிரே 1,31,073 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐநோடைப் படித்து, அது காட்டும் பட்டியலில் "2024" என்பதைத் தேடினால் 1,31,090 கிடைக்கிறது. அதன் பட்டியலில் "ரசீது" என்பதற்கு எதிரே 1,31,102. இந்தக் கடைசி ஐநோடில்தான் நமக்கு வேண்டியவை இருக்கின்றன: அளவு 9,300 பைட், உரிமையாளர் யார், யார் படிக்கலாம், எப்போது மாற்றப்பட்டது, இவற்றோடு "84,512-ஆம் பிளாக்கில் தொடங்கி 3 பிளாக்குகள்" என்ற குறிப்பு. ஒரு பிளாக் 4096 பைட், அதாவது எட்டு செக்டர். ஆகவே 84,512-ஐ எட்டால் பெருக்கி 6,76,096 என்று கண்டு, இந்தக் கோப்பு முறைமை இருக்கும் வட்டுப் பகுதி 2048-ஆம் செக்டரில் தொடங்குவதால் அதையும் கூட்டி, "6,78,144-ஆம் செக்டரிலிருந்து கொடு" என்று வட்டிடம் கேட்கிறது இயங்குதளம். அண்மையில் படித்த பட்டியல்களும் ஐநோடுகளும் நினைவகத்தில் தங்கியிருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் இத்தனை படிகளுக்கும் வட்டைத் தொட வேண்டியதில்லை.

இந்த வழியில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: ஐநோடில் கோப்பின் பெயர் இல்லை. பெயர் கோப்புறைக்குச் சொந்தமே தவிர, கோப்புக்குச் சொந்தமில்லை. ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் வைப்பதும் இதனால்தான் சாத்தியமாகிறது. லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கைகளில் உருவான காலத்திலிருந்து வரும் அமைப்பு இது. அரை நூற்றாண்டு கடந்தும் இதன் எலும்புக்கூடு மாறவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

50 ஜிகாபைட் கோப்பை அதே டிரைவில் வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் ஒரு நொடிகூட ஆவதில்லை. வேறு டிரைவுக்கு நகர்த்தினால் பல நிமிடங்கள் ஆகின்றனவே, ஏன்?

முதல் செயல் பட்டா மாறுதல் போன்றது. நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பதிவேட்டில் ஒரு பெயரை அடித்து இன்னோரிடத்தில் எழுதுகிறார்கள். வேறு டிரைவு என்றால் வேறு பதிவேடு என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. உள்ளடக்கம் முழுவதையும் படித்து, அங்கே புதிதாக எழுதி, பிறகே பழையதை நீக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வரி மட்டுமே உள்ள கோப்பு ஏன் "வட்டில் 4 கேபி" என்று காட்டுகிறது?

இடம் பிளாக் கணக்கில்தான் ஒதுக்கப்படுகிறது; விண்டோஸ் இதையே கிளஸ்டர் என்கிறது. பத்து பைட் எழுதினாலும் முழுப் பிளாக் ஒன்று போய்விடும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் தலைமைப் பட்டியலில் வழக்கமாக 1 கிலோபைட் அளவுள்ள ஒரு பதிவு இருக்கிறது. உள்ளடக்கம் சில நூறு பைட் மட்டுமே என்றால், அதற்கெனத் தனி இடம் தேடாமல் அந்தப் பதிவுக்குள்ளேயே அது வைக்கப்பட்டுவிடும். அத்தகைய கோப்பின் பண்புகளைப் பார்த்தால் "வட்டில் அளவு" பூஜ்யம் என்று வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

32 ஜிகாபைட் பெண்டிரைவ் காலியாக இருந்தும் 5 ஜிகாபைட் வீடியோவை ஏற்க மறுக்கிறது. பெண்டிரைவ் போலியா?

போலிகளும் சந்தையில் உண்டு. ஆனால் இந்த அறிகுறி பெரும்பாலும் ஃபேட்32 முறைமையின் வரம்பைத்தான் காட்டுகிறது. ஃபேட்32-இல் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறையில் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு எழுதப்படுகிறது. அதில் கோப்பின் அளவை எழுத ஒதுக்கியிருப்பது 4 பைட், அதாவது 32 பிட். அவ்வளவு இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு ஒரு பைட் கூடினாலும் அளவை எழுத இடமில்லை. எனவே பெண்டிரைவில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் பயனில்லை. 1996-இல் விண்டோஸ் 95-இன் ஒரு திருத்தப் பதிப்போடு ஃபேட்32 வந்தபோது நான்கு ஜிகாபைட் கோப்பு என்பது பெரும்பாலான வீட்டுக் கணினிகளின் மொத்த வட்டைவிடப் பெரியது என்பதால், அன்று யாரும் இதைக் குறையாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

ஃபேட் (File Allocation Table, கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை) என்ற பெயரே அதன் கணக்குப் புத்தகத்தைக் குறிக்கிறது. ஒவ்வொரு கிளஸ்டருக்கும் அந்த அட்டவணையில் ஒரு கட்டம். கட்டத்தில் "இதற்கு அடுத்த துண்டு இன்ன எண்ணில்" என்று எழுதியிருக்கும். கோப்பின் நடுப்பகுதிக்குப் போக வேண்டுமானால் முதல் கட்டத்திலிருந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். எளிய அமைப்பு என்பதால் கேமரா, கார் ஸ்டீரியோ, தொலைக்காட்சி என எதில் செருகினாலும் அது படிக்கப்படுகிறது. பெரிய கோப்புகள் வேண்டுமென்றால் 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் முறைமைக்குப் பெண்டிரைவை ஃபார்மட் செய்யலாம். உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டெராபைட் வட்டை வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்கிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. வட்டைச் செய்பவர் லட்சம் கோடி பைட்டை ஒரு டெராபைட் என்கிறார். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்து, வரும் 931-ஐ ஜிபி என்ற அதே பெயரில் காட்டுகிறது. மேக் 2009-லிருந்து விற்பவரின் கணக்குக்கே மாறிவிட்டது.

சி, டி என்று டிரைவுகள் பிரிந்திருப்பது இரண்டு வட்டுகளா?

பல கணினிகளில் அது ஒரே வட்டின் இரண்டு பகுதிகள்தான். எந்தச் செக்டரிலிருந்து எந்தச் செக்டர் வரை ஒரு பகுதி என்ற அட்டவணை வட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். எம்பிஆர் எனப்படும் பழைய அட்டவணையில் நான்கு பதிவுகளுக்கே இடம். செக்டர் எண்ணும் 32 பிட்டில் எழுதப்படுவதால், 512 பைட் செக்டர் கொண்ட வட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எட்டாது. அதற்கு மாற்றாக வந்த ஜிபிடி அட்டவணையில் வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் உண்டு. அதன் நகல் ஒன்று வட்டின் இறுதியிலும் எழுதப்படுகிறது.

விண்டோஸ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எழுத்தைக் கொடுக்கிறது. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் ஹார்ட் டிஸ்க் இன்றும் சி-யில் தொடங்குகிறது; ஃபிளாப்பியை நேரில் கண்டிராத தலைமுறையும் இந்த எழுத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் டிரைவு எழுத்துகள் இல்லை. எத்தனை வட்டுகள் இருந்தாலும் கோப்புறை மரம் ஒன்றுதான். புதிய வட்டைச் செருகினால் அதன் மூலக் கோப்புறையை இந்த மரத்தின் ஏதோ ஒரு கிளையில் ஒட்டவைக்கிறார்கள். அதற்கு மவுண்ட் என்று பெயர். விண்டோஸிலும் ஒரு வட்டை வெற்றுக் கோப்புறையில் ஒட்டவைக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை.

சி-யில் இருப்பதை டி-யில் நகலெடுத்து வைத்திருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வட்டு ஒன்றுதான் என்றால், அது பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

நீக்கிய கோப்பை மீட்க முடிகிறதே, அப்படியானால் நீக்குதல் என்றால் என்ன?

முதலாவதாக, ரீசைக்கிள் பின்னுக்குப் போவது நீக்குதலே ஆகாது. அது வேறொரு கோப்புறைக்கு நகர்த்துவது மட்டுமே. உண்மையில் நீக்கும்போது பெயர்ப்பதிவு ரத்தாகிறது, அந்தப் பிளாக்குகள் "காலி" என்று குறிக்கப்படுகின்றன. உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. ஃபேட் முறைமையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பதிவில் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படும், அட்டவணையில் சங்கிலி துடைக்கப்படும், மற்றவை அப்படியே கிடக்கும். பழைய மீட்பு மென்பொருள்கள் "முதல் எழுத்து என்ன?" என்று நம்மிடம் கேட்டதன் காரணம் இதுதான். எனவே தவறுதலாக நீக்கிவிட்டால் முதல் வேலை, அந்த டிரைவில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துவது. மீட்பு மென்பொருளையே அதே டிரைவில் நிறுவுவது தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சில்லுகளால் ஆன வட்டில், நிலைமை வேறு. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்தாக வேண்டும். அதனால் எந்தப் பிளாக்குகள் இனி வேண்டாதவை என்பதை ட்ரிம் என்ற கட்டளை வழியே இயங்குதளம் எஸ்எஸ்டிக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறது, எஸ்எஸ்டியும் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்கில் கிடைத்த மீட்பு வாய்ப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

லினக்ஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீக்கினால் பெயர்தான் மறையும். அந்த நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது. ஒரு சேவை திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்த, பல ஜிகாபைட் வளர்ந்த பதிவுக் கோப்பை (லாக்) நீக்கிவிட்டு, காலியிடம் துளியும் கூடவில்லையே என்று திகைத்து நின்ற இரவு ஒன்று எனக்கும் உண்டு. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ததும் இடம் மொத்தமாகத் திரும்பி வந்தது.

நகலெடுத்து முடிந்தது என்று திரை சொல்கிறது. பிறகும் ஏன் "பாதுகாப்பாக அகற்று" என்பதை அழுத்த வேண்டும்?

எழுத வேண்டியதை இயங்குதளம் முதலில் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு, வட்டுக்குப் பின்னால் சேர்ப்பிக்கிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் அப்படிக் காத்திருக்கும் தரவுக்கு 30 நொடி வரை வயதாகலாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து பெண்டிரைவுகளுக்கு உடனடியாக எழுதும் கொள்கையே இயல்பாக்கப்பட்டுள்ளது என்றாலும், எழுத்து நடுவழியில் இருக்கும்போது பிடுங்கினால் எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில், அழைப்பிதழ் வடிவமைப்பை நகலெடுத்த கையோடு பெண்டிரைவை உருவிச் சென்றவர், அடுத்த கணினியில் கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருந்தும் உள்ளே பாதிக்குமேல் வெறும் பூஜ்யங்களாக இருப்பதைக் கண்டார். பெயரும் பதிவும் போய்ச் சேர்ந்துவிட்டன, உள்ளடக்கம் சேரவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்?

ஒரு கோப்பை நீட்டுவதற்கே குறைந்தது மூன்று இடங்களில் எழுத வேண்டும்: உள்ளடக்கம், ஐநோடு, எந்தப் பிளாக்குகள் காலி என்ற வரைபடம். இரண்டாவதை எழுதிய பின் மின்சாரம் போனால், ஒரே பிளாக்கை ஐநோடு தனதென்கிறது, வரைபடம் காலி என்கிறது. நாளை அதே பிளாக் இன்னொரு கோப்புக்கும் கொடுக்கப்பட்டால் இரண்டும் கெடும். 1993-இல் வந்த எக்ஸ்ட்2 காலத்தில் இப்படி நேர்ந்தால் கணினி மறுபடி எழும்போது வட்டு முழுவதையும் சரிபார்க்கும். பெரிய வட்டென்றால் அது முடிய வெகுநேரம் ஆகும்.

2001-இல் லினக்ஸுக்கு வந்த எக்ஸ்ட்3 இதற்கு ஜர்னல் என்ற தீர்வைக் கொண்டுவந்தது. என்டிஎஃப்எஸ்ஸில் அது தொடக்கத்திலிருந்தே இருந்தது. செய்யப்போகும் மாற்றங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதி, "இத்துடன் முடிந்தது" என்று முத்திரையும் இட்ட பிறகே உரிய இடங்களில் எழுதுவார்கள். நடுவில் மின்சாரம் போனால், முத்திரை இருக்கும் குறிப்புகளை மீண்டும் நிறைவேற்றுவதும், முத்திரை இல்லாதவற்றை விட்டுவிடுவதும் சில நொடி வேலை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது கணக்குகளை மட்டுமே. கடைசியாகத் தட்டச்சிட்ட பத்தி தப்பிக்குமா என்பது, அந்த நிரல் "இதை இப்போதே வட்டுக்கு அனுப்பு" என்று இயங்குதளத்திடம் கேட்டிருந்ததா என்பதைப் பொறுத்தது.

இடம் இருக்கும்போதே "இடம் இல்லை" என்று லினக்ஸ் சொல்லுமா?

சொல்லும், இரண்டு காரணங்களால். ஒன்று, எக்ஸ்ட்4 வழக்கமாக 5 விழுக்காட்டு இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கிறது. ஒரு டெராபைட்டில் அது 50 ஜிகாபைட். மற்றொன்று, ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே நிர்ணயிக்கப்படுகிறது. வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று வீதம், ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 6 கோடி. குட்டிக் குட்டிக் கோப்புகளாகக் குவிந்தால் இடம் தீருமுன் ஐநோடு தீர்ந்துவிடும்.

டிஃப்ராக் செய்ய வேண்டுமா?

சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கும் இந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்கில் பொருள் உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய செக்டர் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும், தலையை நகர்த்தும் நேரம் தனி. கோப்பு நூறு துண்டுகளாகச் சிதறியிருந்தால் நூறு முறை இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை. அங்கே டிஃப்ராக் செய்வது அதன் எழுதும் ஆயுளைச் செலவழிப்பதாகவே முடியும். இன்றைய விண்டோஸ் இந்த வேறுபாட்டை அறிந்து எஸ்எஸ்டிக்கு ட்ரிம் அனுப்புவதால், அதை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது.

பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி?

1988-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, மலிவான பல வட்டுகளை ஒன்றாகக் கட்டும் முறைகளுக்கு ரெய்டு என்று பெயரிட்டு வகைப்படுத்தியது. ரெய்டு 1-இல் ஒரே தரவு இரண்டு வட்டுகளில் இருக்கும். ரெய்டு 5 இன்னும் சாமர்த்தியமானது. மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற பிட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்குமாறு நான்காம் வட்டில் 0 எழுதப்படும். இரண்டாம் வட்டு பழுதானால், எஞ்சிய 1, 1, 0 மூன்றையும் பார்த்து, காணாமல் போனது 0-தான் என்று கணக்கிட்டுவிடலாம். இப்படி 4 டெராபைட் வட்டுகள் நான்கைச் சேர்த்தால் 12 டெராபைட் கிடைக்கும், ஒரு வட்டு போனாலும் தரவு நிற்கும். இரண்டு போனால் நிற்காது.

ரெய்டு தவறுதலாக நீக்கிய கோப்பைத் திருப்பித் தராது. அந்த நீக்கத்தையும் எல்லா வட்டுகளிலும் ஒழுங்காக எழுதிவிடும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ், வட்டுகளைச் சேர்க்கும் வேலையையும் கோப்புக் கணக்கையும் ஒரே முறைமைக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதை அந்தப் பிளாக்கைச் சுட்டும் மேல்நிலைப் பதிவில் வைக்கிறது. படிக்கும்போது எண் ஒத்துவராவிட்டால் மற்ற வட்டில் உள்ள நல்ல நகலை எடுத்துத் திருத்திவிடுகிறது. பழைய பிளாக்கின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி, பின்னர் சுட்டியை மாற்றுவதே அதன் வழக்கம். 2017-இல் வந்த ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ்ஸும் கிட்டத்தட்ட இவ்வழியைப் பின்பற்றுவதால், ஒரே டிரைவுக்குள் எடுக்கும் நகல், அதில் மாற்றம் செய்யப்படும்வரை, உள்ளடக்கத்துக்கென்று புதிதாக இடம் எடுத்துக்கொள்வதில்லை.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், நானும் அப்படித்தான் வைக்கிறேன். நீள வரம்பை மட்டும் அறிந்திருப்பது நல்லது. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் என்பதால் 85 குறிகளே கொள்ளும். "கோப்பு" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என ஆறு, அதாவது 18 பைட். என்டிஎஃப்எஸ் 255 என்பதை 16 பிட் அலகுகளில் எண்ணுவதால், அங்கே 255 தமிழ்க் குறிகள் வரை போகலாம். விண்டோஸில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் வட்டுக்கு வர மறுப்பதன் காரணம் இதுவே.

இன்னும் வம்பான ஒன்று உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இரண்டாவது வடிவில் "கோப்பு" 21 பைட். எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், ஒரே கோப்புறையில் "கோப்பு" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்க முடியும். ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒரே பெயராகக் கருதி அதை அனுமதிப்பதில்லை. தேடினால் கிடைக்காத, கண்ணெதிரே இருக்கும் தமிழ்க் கோப்பு எதையாவது லினக்ஸில் சந்தித்தால், பெயரை ஒருமுறை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே மீண்டும் தட்டச்சிட்டுப் பாருங்கள்.